அம்மா வந்து சேரும்வரை

மகளுக்கு அப்போது பத்து வயது. தன் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக மனைவி யாழ்ப்பாணம் போயிருந்தாள். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி வீடு. நானும் மகளும் ஒரு கிழமையாகத் தனியே இருந்தோம். சமையல் எனக்கு ஓரளவு வரும். தலை பின்னத்தான் வராது. அதை அவளே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டாள்.

ஞாயிறு பின்னேரம் தொப்புளைச் சுற்றி நோகிறது என்றாள். மத்தியானம் கடையில் வாங்கிய கொத்துரொட்டிதான் காரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். சாப்பிடாமலே படுத்துவிட்டாள். திங்கள் காலையும் நோகிறது என்றாள். அன்றைக்குக் கணக்குச் சோதனை. முதல் தவணையிலும் கணக்குச் சோதனையன்று இப்படித்தான் வயிற்றுக்குத்து வந்தது. பள்ளிக்கூட வான் அவளை விட்டுவிட்டுப் போன கையோடு மாறியும் விட்டது.

"சோதனையை எழுதிப்போட்டு வாங்கோம்மா. பின்னேரம் டொக்டரிட்டப் போவம்" என்றேன்.

சப்பாத்துப் போடக் குனிந்தவள், நிமிர அதிக நேரம் எடுத்தாள். அதை நான் கண்டேன். கண்டும் வானில் ஏற்றிவிட்டேன்.

பதினொரு மணியிருக்கும். கொள்ளுப்பிட்டியில் அலுவலகத்தில் இருந்தேன். வகுப்பு ரீச்சர் போனில் அழைத்தார். "பிள்ளை வாந்தி எடுக்கிறா. நிமிர்ந்து நடக்கவும் ஏலாமல் கிடக்கு. உடனே வாங்கோ."

சோதனையை முழுதும் எழுதி முடித்துவிட்டுத்தான் அவள் மேசையில் தலையைச் சாய்த்தாளாம். அதை ரீச்சர் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காலி வீதியில் எங்களுக்குப் பழக்கமான டொக்டர் ஒருவர் இருக்கிறார். வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தை மெதுவாக அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். மகள் கத்தினாள். பிறகு அவளைக் கட்டிலால் இறக்கி, "ஒருக்காத் துள்ளுங்கோ பாப்பம்" என்றார். குதிக்காலை உயர்த்தினாள், அதற்குமேல் முடியவில்லை.

"அப்பென்டிக்ஸ் போலதான் கிடக்கு. தண்ணிகூடக் குடுக்காதேங்கோ. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

வழியில் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தி, மேலே ஓடிப்போய் அவளுக்கு இரண்டு சட்டைகள் எடுத்து வந்தேன். கீழ்வீட்டுப் பெண்மணி படியடியில் நின்று ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெண். கணவர் துணிக்கடை வைத்திருக்கிறார். இரண்டு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. எங்கள் பல்கனியில் காயப்போடும் உடுப்பின் ஈரம் அவருடைய உடுப்பில் சொட்டுகிறதென்று தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் எழுதினார். நான் கொஞ்சம் சூடாகவே பதில் எழுதியிருந்தேன். இப்போதும் அவரைப் பாராமலே ஓட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் செய்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். எனக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தையும் இங்கிலீசையும் கலந்து நிதானமாகப் பேசினார். ஒரு தாளில் வயிறு ஒன்று வரைந்து, தொப்புளில் ஒரு புள்ளியும் கீழே இரண்டு புள்ளிகளும் வைத்தார். ஒரு துளையால் சின்னக் கமெரா போகும். காற்றைச் செலுத்தி வயிற்றைக் கொஞ்சம் உப்பவைத்து, திரையில் பார்த்தபடியே மற்ற இரண்டு துளைகளாலும் குடல்வாலை வெட்டி எடுப்பார்கள். வெடித்திருந்தால், அல்லது சரியாகத் தெரியாவிட்டால், வயிற்றைத் திறக்கவேண்டி வரலாம். அதற்கும் சேர்த்தே கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மகள் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வயித்தைக் கிழிப்பினமோ?"

"இல்லையம்மா. மூண்டு சின்ன ஓட்டைதான்."

"அப்ப அது எப்படி வெளியில வரும்?"

நான் அதை அப்படியே டொக்டரிடம் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே கையுறையின் ஒரு விரலைப் பிடித்துக் காட்டினார். இந்த அளவுப் பைக்குள் போட்டுத் தொப்புளால் எடுப்போம் என்றார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

மனைவிக்கு அழைத்துச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமையே நோகுது எண்டவளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உடனே வெளிக்கிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். இரவு பஸ்ஸில்தான் இடம் கிடைத்தது, விடியத்தான் வந்துசேர முடியும் என்று பிறகு செய்தி அனுப்பினாள்.

அதற்குள் வார்டில் அடுத்த சிக்கல். "அம்மா கோ?" என்றார் நேர்ஸ். அம்மா எங்கே என்கிறார். பிள்ளையோடு தங்குவதற்குப் பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. பக்கத்துக் கட்டில்களில் தாய்மார் பாலூட்டிக்கொண்டு இருந்தார்கள், அதில் நியாயம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன், அவளுக்குக் கைக்குழந்தை. அலுவலகத்தில் கூட வேலை செய்பவரின் மனைவிக்குக் காய்ச்சல். அடுத்து யாரைக் கேட்பதென்று யோசிக்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நான் கீழ்வீடு. குறூப்புல நம்பர் எடுத்த. புள்ளக்கு எப்படி ஈக்கி?"

சொன்னேன். வார்டுச் சிக்கலையும் சொன்னேன், உதவி கேட்கும் எண்ணத்தில் அல்ல.

"எத்தினாம் வார்ட்?" என்று மட்டும் கேட்டார்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பையோடு வந்து நின்றார். பையில் போர்வை, சுடுதண்ணிப் போத்தல், துவாய். பிள்ளைக்கு என்ன முறை என்று நேர்ஸ் சிங்களத்தில் கேட்டார். "நெந்தா" என்றார் யோசிக்காமல். மாமியாம். நேர்ஸ் அவருடைய முக்காட்டைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், மாமி என்றே எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே வாங்குப் பலகையில் இருவரும் இருந்தோம். அவர் உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திச் சொன்னார்: "என்ட மகனுக்கும் இந்த வயசுலதான். அவனுக்கு வெடிச்சிட்டு. இவ்வளவு நீளத்துக்கு வெட்டின." விரல்களை விரித்துக் காட்டினார். "நானும் வயித்துக்குத்துன்னு ரெண்டு நாள் கசாயம் குடுத்த. எல்லா உம்மா வாப்பாவும் அப்படித்தான் நெனக்கிற."

காலையில் நான் செய்ததை அவரிடம் நான் சொல்லவேயில்லை. முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு மணித்தியாலம் கழித்து டொக்டர் வந்தார். வெடிக்கவில்லை, ஆனால் நன்றாக வீங்கியிருந்தது, மூன்று துளைகளோடே முடிந்தது என்றார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் தொடங்கினேன். "இன்றைக்குக் கொண்டுவந்தீர்கள்தானே" என்று சொல்லிவிட்டு, கைகளைக் கழுவப் போனார்.

பார்க்க ஐந்து நிமிடம் விட்டார்கள். மகள் கண்ணைத் திறந்து, "அப்பா, தோள் நோகுது" என்றாள். வயிற்றில் செய்துவிட்டு ஏன் தோள் நோகிறது என்று நான் பதறிப்போனேன். உள்ளே மிஞ்சிய காற்றால் அப்படித்தான் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும் என்றார் நேர்ஸ். அதற்குள் கீழ்வீட்டு அக்கா கட்டிலோரம் இருந்து தோளைத் தடவத் தொடங்கியிருந்தார். நேரம் முடிந்தது என்று என்னை அனுப்பினார்கள்.

மறுநாள் காலை மனைவி பஸ்ஸால் இறங்கி நேரே வந்தாள். வார்ட் வாசலில் கீழ்வீட்டு அக்கா ஒரு நேர்ஸைப் போலவே பொறுப்புக் கொடுத்தார். "மூணு தரம் எழும்பின. மூத்திரம் போன. காத்துப் போயிட்டான்னு டொக்டர் கேப்பாங்க, போயிட்டுன்னு சொல்லுங்க." கட்டிலில் இருந்து, "அன்ரி!" என்று மகள் வெட்கத்தில் சிணுங்கினாள். மனைவி அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பஸ்ஸில் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நோகிறது என்று சொன்னபோது நம்பியிருக்க வேண்டும் என்றேன்.

"முதல் தவணை நான் சொன்னது பொய்தான் அப்பா" என்றாள். "இந்த முறைதான் உண்மை."

இருவரும் சிரித்தோம். அவள் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோ, நோகுது" என்றாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். படியேறும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. களைக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகள் உள்ளே போனாள். நாங்கள் சாமான்களை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தபோது, சட்டையை ஓரமாகத் தூக்கி மூன்று பிளாஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்களும் இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்று எழுந்து குசினிக்குப் போனார்.