குசினியிலிருந்து ஒரு குரல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வின்சன்ட் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார்.

"மௌலவி, நாலு மணிக்கு முன்னம் வீட்ட வாங்க. நீங்களும் ஒருக்கா அந்தச் சத்தத்தக் கேக்க வேணும்."

நான் மௌலவி இல்லை. ஜும்ஆவுக்குக்கூடக் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கிற ஆள். கல்முனையில் ஒரே பாடசாலையில் இருபது வருடம் அவர் விஞ்ஞானமும் நான் வர்த்தகமும் படிப்பித்தோம். என் மார்க்க அறிவின் ஆழம் அவருக்குத் தெரியும் — கணுக்கால் அளவு. அதனால்தான் அந்தப் பட்டம்.

சத்தம் என்றால், அவருடைய மனைவி திரேசாவின் சத்தம். திரேசாவை நாங்கள் அடக்கம் செய்து எட்டு மாதம்.

கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பின்னேரம் நாலு மணி தாண்டியதும் குசினிப் பக்கமிருந்து குரல் வருமாம். "இஞ்ச பாருங்க... தேத்தண்ணி ஆறுது." அவ்வளவுதான். ஒரே ஒரு தரம்.

மனுசன் விஞ்ஞான வாத்தியார் அல்லவா? பக்கத்து வீட்டு டீவியை நிற்பாட்டச் சொல்லிப் பார்த்தார். ஜன்னல்களைப் பூட்டிப் பார்த்தார். போனில் பதிவு செய்தும் பார்த்தார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் விழுந்திருந்தது. ஆனால் பதிவாகிக்கொண்டிருந்த அதே நேரம் அவருக்குக் கேட்டது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள் — ஆள் தெரியாமல் ஒரு தரம் கூப்பிட்டால் வாய் திறக்காதே, மூன்றாம் தரம் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல். தமிழ் வீடுகளிலும் இதுதான், முஸ்லிம் வீடுகளிலும் இதுதான். அவர்கள் பேய் என்பார்கள், நாங்கள் ஜின் என்போம். சட்டம் ஒன்று.

மாஸ்டரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அது அவரை அரித்தது.

"நாப்பது வருசம் கூப்பிட்டவள். ஒரு சொல்லுச் சொல்லாம இரிக்கிறன். பாவமில்லையா, மௌலவி?"

எனக்கென்ன தெரியும்? தெரிந்தவர்களிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதாவது, மோட்டார் சைக்கிள் ஓட்டினேன்.

முதலில் அவருடைய தேவாலயத்துப் பாதர். ஆறுதலாகக் கேட்டார். "செபம் எண்டது தனியக் கதைக்கிறது இல்ல மாஸ்டர். கேக்கிறதுக்கு ஒருத்தர் இருக்கிறார். திரேசாக்குச் சொல்ல வேண்டியத அவரிட்டச் சொல்லுங்க, அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்," என்றார். அவளுடைய ஆன்மாவுக்காக ஒரு பூசையும் ஒப்புக்கொடுத்தார். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் கடைசிதான்.

பூசை முடிந்த மறுநாளும் நாலு மணிக்குத் தேத்தண்ணி ஆறியது.

அடுத்தது அம்பாறைக்கு அங்கால், காட்டோரத்துப் பௌத்த ஆரண்யத்தில் ஒரு ஹாமதுரு, அதாவது பிக்கு. இளம் வயது. மாஸ்டர் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. சத்தம் வருகிறது, இருக்கிறது, போகிறது... அதைப் பார்த்துக்கொண்டிருங்கள், பின்னால் ஓடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம் என்றார். கூப்பிடுவது யார் என்று தேடாதீர்கள், கேட்பது யார் என்று பாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று எனக்கும் மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தந்தார்கள். கவனித்தேன். மூன்றாவது மூச்சில் நெத்தலிப் பொரியல் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நான் கவனித்ததெல்லாம் நெத்தலியைத்தான்.

திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து மாஸ்டர் கேட்டார். "ரெண்டு பேரும் சொல்லுறது ஞானம்தான். ஆனா ரெண்டும் ஒண்டுதானா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பாதர், ஒளி வெளியிலிருந்து வரும், கதவைத் திறந்து வை என்கிறார். ஹாமதுருவோ, எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணைவதைப் பார் என்கிறார். ஒருவர், பஸ் வரும், நம்பிக்கையோடு நில் என்கிறார். மற்றவர், பஸ் இல்லை, நட என்கிறார். கொஞ்சம் கூடக் கேட்டால், நடக்கிற ஆளும் இல்லை என்கிறார்.

இரண்டு பேரும் ஒத்துப்போன இடம் ஒன்றுதான். குசினிக்கு நேரே பதில் சொல்லாதே.

மாஸ்டர் இரண்டையும் சேர்த்தே செய்தார். நாலு மணிக்கு முன் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு செபம். பிறகு கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சு. இப்படி மூன்று வாரம். குரல் நிற்கவில்லை. தனக்குப் பைத்தியமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் என்னை அழைத்தார் — சாட்சிக்கு.

போனேன். முன் அறையில் வழக்கமான கதிரைகளில் இருவரும் இருந்தோம். நல்ல வெயில். கடல் சத்தம் மெல்லக் கேட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்தேன்.

"இஞ்ச பாருங்க... தேத்தண்ணி ஆறுது."

"வாறார், வாறார்," என்றேன் நான்.

பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. அந்தக் கதிரையில் இருந்து எத்தனை வருடம் அரட்டை அடித்திருப்பேன். திரேசா கூப்பிடுவாள். மாஸ்டரை எழும்ப விடாமல் நான்தான், "வாறார், வாறார்" என்று பதில் சொல்லுவேன். நாக்குக்கு அது பழக்கம். ஆள் உயிரோடு இல்லை என்ற விஷயம் நாக்குக்குப் போய்ச் சேரவில்லை.

பிறகுதான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினேன்.

மாஸ்டர் கண்ணைத் திறந்திருந்தார்.

"அப்ப உங்களுக்கும் கேட்டதா?"

"ஓம்..."

"அப்ப எனக்குப் பைத்தியமில்ல."

"இல்ல மாஸ்டர்."

கதிரையில் முன்னால் சாய்ந்தார். பிறகு மிகவும் அமைதியாகக் கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்க, மௌலவி?"

குசினிக்குள் போய்ப் பார்த்தோம். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் கவிழ்ந்தபடி. ஒன்றும் அசைந்திருக்கவில்லை. அசைந்திருந்தால் பூனை என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

மறுநாள் குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பாதருக்குச் சந்தோசம். ஆண்டவருக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஹாமதுரு, வந்ததைப் பார்த்ததுபோல் போனதையும் பாருங்கள் என்றாராம். மாஸ்டருடைய முகமும் தெளிந்துவிட்டது. செபத்துக்கும் இருக்கிறார், மூச்சுக்கும் இருக்கிறார், இரண்டிலும் முன்பிருந்த தவிப்பு இல்லை.

எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

ஏனென்றால், மாஸ்டர் தன் புத்தகங்களைக் கட்டிப் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுப் பூட்டின் திறப்புகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். பிறகொரு நாள் போனபோது வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், எங்கயும் பயணமா?"

"இல்ல. சும்மா ஒழுங்கா இரிப்பமெண்டு." சிரித்தார். "பயப்படாதீங்க. நானாகவே ஒரு இடமும் போகமாட்டன். பாதரும் விடமாட்டார், ஹாமதுருவும் விடமாட்டார்."

வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்தவர்ர பொஞ்சாதிக்கு, அதுவும் மௌத்தானவக்கு, நீங்க என்னத்துக்கு வாக்குக் குடுத்தீங்க?"

அன்றிலிருந்து மூன்றரைக்கே மாஸ்டர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அஸர் தொழுகையைக்கூட அவருடைய முன் அறையில்தான் தொழுகிறேன். இத்தனை ஓர்மையாக நான் தொழுததே இல்லை — அந்த வகையில் எனக்கும் கொஞ்சம் ஞானம்தான். குரல் வந்தால், "அவர் வரச் சுணங்கும், நீங்க பாத்துக்கொண்டிருக்க வேணாம்" என்று சொல்லக் காத்திருக்கிறேன்.

வருவதில்லை.

வாறார் என்று ஆள் பதில் சொன்ன பிறகு யார்தான் மறுபடி கூப்பிடுவார்கள்? கோப்பையை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.