கெங்கவல்லி ஜெப வீட்டுக்குக் காவல் போன சனிக்கிழமை

போனவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். வராதவள் அக்கா. திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பதால் போனில் மட்டும் வந்தாள். "என்ன வேணாப் பாடட்டும், என்ன வேணா ஆடட்டும். ஊசிய நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னாங்கன்னா, அப்பாவக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துரு" என்றாள்.

இத்தனை பயத்துக்கும் காரணம் அப்பாவின் வலது கால் பெருவிரல். பதினெட்டு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் பைப் தூக்கியவர். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வெறுங்காலோடு நடந்து பட்ட காயம் ஆறு மாதமாக ஆறவில்லை. திங்கட்கிழமை விரலை எடுத்துவிட வேண்டும் என்று சேலத்தில் டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

அம்மா இரண்டு வருஷமாக எங்கள் தெரு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார். அப்பா நெற்றியில் விபூதி மாறவில்லை. அதைப் பற்றி வீட்டில் சண்டையும் இல்லை. கெங்கவல்லிக்குப் பக்கத்தில் ஒரு ஜெப வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கிறது, மூன்று மாதம் விடாமல் இருந்தால் நோய் விலகும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதம் தனியாகப் போய் வந்தார். மூன்றாவது முறை நோயாளியே வரவேண்டுமாம். அங்கே ஒரு பெண் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டுச் சுகமாக இருக்கிறாள் என்றும் அந்த யாரோ சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் நானும் கிளம்பினேன். எங்கள் குடும்பத்தில் மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு ஊசி போடுவதும் நான்தான்.

காலை 6.15. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டேன். "உடனே சாப்பிடணும்" என்றேன். "பஸ்ஸேறுனதும் தின்னுக்கறேன் சாமி" என்றார். பஸ் நிலையத்தில் மூன்று இட்லி, முப்பது ரூபாய், பொட்டலமாக வாங்கி அவர் மஞ்சள் பையில் வைத்தேன்.

6.40. ஆத்தூர் போகும் தனியார் பஸ். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பின்சீட்டில் இடம் கிடைத்தது, எனக்கு டிரைவருக்குப் பக்கத்தில். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் இடதுபுறம் போதமலை, வலதுபுறம் கொல்லிமலை, நடுவில் மரவள்ளிக் காடுகள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடை பஸ்ஸுக்குள் ஏறி வெகு தூரம் கூடவே வந்தது.

ஆத்தூரில் இறங்கியதும், "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஆச்சு, ஆச்சு."

அம்மா வேறு பக்கம் பார்த்தார். அன்று முழுவதும் கண்ணில் பட்ட எல்லாரையும் சந்தேகப்பட்டவன், அந்த ஒரு பதிலை மட்டும் அப்படியே நம்பினேன்.

8.30. கெங்கவல்லிக்கு டவுன் பஸ். அம்மாவுக்கு இலவசம், எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது. டிரைவரிடம் விசாரித்தேன். "யாருக்காவது சுகமாயிருக்காங்களாண்ணா?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. மாசத்துல இந்த ஒரு நாள் என் வண்டிக்குச் சுகம்."

"காசு நெறைய வாங்குவாங்களா?"

"உள்ள நான் போனதில்ல. போறப்ப எல்லாரும் பேசிக்கிட்டே போவாங்க. வர்றப்ப அழுதுக்கிட்டே வருவாங்க. எதுக்குன்னு கேட்டா சவாரி கெட்டுப்போவும்."

9.40. மரவள்ளிக் காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். வாசல் மேசையில் நோட்டு ஒன்று: பெயர், ஊர், போன் நம்பர், என்ன நோய். போன் நம்பரில் கடைசி எண்ணை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். பக்கத்தில் சின்னச் சின்ன பாட்டில்களில் எண்ணெய். விலை கேட்டேன். "விலையில்ல தம்பி, காணிக்கைதான்" என்றார் அங்கிருந்தவர். விலை என்றால் பேரம் பேசலாம், காணிக்கையில் அதற்கும் வழியில்லை என்று நினைத்துக்கொண்டேன். பூட்டுப் போட்ட காணிக்கைப் பெட்டி நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அம்மா அதில் ஐம்பது ரூபாய் போட்டார்.

போதகருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கரகரத்த குரல். கடவுளை மட்டும் நம்பிச் சாய்ந்திருங்கள் என்று பேசினார். அடுத்த வாக்கியம் 'மருந்தை விடுங்கள்' என்றுதான் வரும் என்று போனில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை. பாட்டு வந்தது.

11.30. கீபோர்டின் சத்தம் ஏற ஏற, சிலர் எழுந்து நின்று நடுங்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் தலையை ஆட்டி அழுதார். சற்று நேரத்தில் அப்பாவின் கைகளும் நடுங்கின. தலை சாய்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அபிஷேகம் எறங்குது!" என்றார் பின்வரிசைக்காரர்; பரிசுத்த ஆவி இறங்குவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி அழுதார். எனக்கு வந்தது வெட்கம். இவரும் ஆரம்பித்துவிட்டாரே என்று முகத்தைத் திருப்பி, மறுபடி காணிக்கைப் பெட்டியைப் பார்த்தேன்.

போதகரின் மனைவி எஸ்தரம்மா வரிசை வரிசையாகத் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் நெற்றியில் வைத்த கையை உடனே எடுத்தார். கழுத்தைத் தொட்டார். திரும்பி, "பாட்ட நிறுத்துங்க!" என்று கத்தினார். "இது அபிஷேகம் இல்ல, சர்க்கரை எறங்குது. யார் இவரு கூட வந்தது? காலையில என்ன சாப்ட்டாரு?"

மஞ்சள் பையைத் திறந்தேன். இட்லிப் பொட்டலத்தின் நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

எஸ்தரம்மா உள்ளே ஓடி ஒரு டம்ளரோடு வந்தார். மறுநாள் ஞாயிறு ஆராதனையில், இயேசுவின் இரத்தமாக எண்ணிப் பருகும் திருவிருந்துக்காகக் கறுப்புத் திராட்சையைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி வைத்திருந்த ரசம் அது.

"அம்மா, அது நாளைக்கு திருவிருந்துக்கு" என்று முன்வரிசைப் பெரியவர் இழுத்தார்.

"நாளைக்கு வேற காய்ச்சிக்குவேன், ஒக்காருங்க."

அப்பாவால் அப்போதும் விழுங்க முடிந்தது. அவர் தலையை நான் தாங்கிக்கொள்ள, எஸ்தரம்மா ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. முதல் வார்த்தை, "தித்திப்பு ஜாஸ்தி."

"எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு உபவாசத்துல ஆடுனாரு" என்றார் எஸ்தரம்மா, டம்ளரைப் பார்த்தபடியே. "நாங்க கை தட்டிக்கிட்டு இருந்தோம். அன்னிக்கு எனக்குத் தெரியல."

அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தேன்.

அம்மா அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"பையன் ஊசி போடோணும்னான், போட்டுக்கிட்டேன். நீ உபவாசம் இருக்கோணும்ன, இருந்தேன். ரெண்டு பேரயும் நோகடிக்க வேண்டாம்னு பாத்தேன்."

போதகர் மைக்கை எடுத்தார். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். பதினோரு கைகள். "எல்லாரும் எந்திரிச்சுப் போயி சாப்டுங்க. உங்க உபவாசத்த நாங்க இருந்துக்கறோம்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது. அது நிலைப்பதற்குள், "இன்று கர்த்தர் நம் நடுவே ஒருவரை எழுப்பினார்!" என்று முழங்கினார். கொட்டகை முழுக்க அல்லேலூயா. அப்பாவிடம் மைக்கை நீட்டி, சாட்சி சொல்லச் சொன்னார்கள்.

அப்பா மைக்கை ரிக் வண்டி வாக்கி டாக்கிபோல வாயோடு ஒட்டிப் பிடித்தார். "ஊசி போட்டது எம் மகன். திங்காம வந்தது நானு. எந்திரிக்க வெச்சது இந்தம்மா குடுத்த ரசம். இதுல சாமி எந்த எடத்துல வந்தாருன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா யாரோ வந்தாங்க."

சிரிப்பும் 'ஆமென்' குரல்களும் ஒன்றாக எழுந்தன.

மதியம் 3.00. எல்லாருக்கும் சாம்பார் சாதம். சாப்பிட்ட பிறகு போதகர் அப்பாவின் காலருகே மண்டியிட்டு ஜெபித்தார். விரலை எடுக்கவே வேண்டாம் என்று சொல்வார் என நான் காத்திருந்தேன். "திங்கட்கிழமை டாக்டரோட கைய நடத்தும் ஆண்டவரே" என்று முடித்துவிட்டார். என் கையில் போன் இருந்ததால் பார்த்துப் பேசினாரோ என்று இன்றுவரை ஒரு எண்ணம் இருக்கிறது. கிளம்பும்போது அம்மா நோட்டை வாங்கி, என் நம்பரின் கடைசி எண்ணை அடித்துத் திருத்தச் சொன்னார். "பையன் தப்பாச் சொல்லிப்போட்டான்" என்றார். எஸ்தரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், புரிந்துவிட்டது போல.

அவர்கள் வேனிலேயே கெங்கவல்லி வரை விட்டார்கள், காசு வாங்கவில்லை. ரசத்துக்கு அம்மா நீட்டிய நூறு ரூபாயையும் வாங்கவில்லை. ஆத்தூரில் ஒரு மருந்துக் கடையில் முப்பது ரூபாய் கொடுத்துச் சர்க்கரை பார்த்தோம். 190. வழக்கமாக அந்த எண் வந்தால் அப்பாவைத் திட்டுவேன். அன்று பேசாமல் பஸ் ஏறினேன். போகும்போது நான் ஒருவனே தனி சீட்டில் இருந்தேன். திரும்பும்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை சேலத்தில் விரலை எடுத்தார்கள். மற்ற விரல்களுக்குப் பாதகமில்லை என்றார் டாக்டர். அம்மா ஸ்தோத்திரம் சொன்னார். அக்கா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த நேரத்தில் என் போன் அடித்தது. எஸ்தரம்மா. "அண்ணன் சாப்ட்டாரா? ஊசி போட்ட பிறகா, முன்னாடியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

"பாத்தியா, போன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் அக்கா. "அது சரி, மொத்தமா எவ்வளவு புடுங்குனாங்க?"

சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினேன். போக வர பஸ், ஆட்டோ, யாரும் பிரிக்காத இட்லி, சர்க்கரை பார்த்தது, அம்மா பெட்டியில் போட்ட ஐம்பது, எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கும் நானூற்று இருபத்தெட்டு ரூபாய்.