மை படாத விரல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைக்கச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டவர், அம்மாவின் அண்ணனான என் மாமா.

சென்ற பொதுத் தேர்தலில், பருத்திக் காட்டிலிருந்த அம்மாவை நானே வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். "இந்தப் பெயருக்கு ஓட்டு விழுந்துவிட்டதே" என்றார் அதிகாரி.

"அது கள்ள ஓட்டு சார். அம்மா விரல்ல மையே இல்ல, பாருங்க" என்றேன்.

வாக்காளர்களை அடையாளம் காட்ட, கட்சி ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவர் மாமாதான். அதிகாரி அவரிடம் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

"காலையிலேயே போட்டுட்டா சார். எருக்கம்பால் தேச்சா மை போயிரும்லா?" என்றார் மாமா.

"எப்பண்ணே போட்டேன்? விடிஞ்சதுலேருந்து காட்டுலல்லா நிக்கேன்!" அம்மாவின் குரல் உடைந்தது.

மாமா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஏட்டி, நாலெழுத்துப் படிச்சதும் எனக்கே சட்டம் சொல்லுதியோ?"

காலையில் வந்தவள் வேறொருத்தி என்று தெரிந்தேதான் அவர் தலையாட்டியிருக்கிறார். அதிகாரியோ அவர் பேச்சை நம்பி அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கள்ள ஓட்டுக்குத் தலையாட்டியவரையே சாட்சி கேட்டால் நியாயம் எங்கே கிடைக்கும்? கட்சி சாராத ஒருவர் விசாரித்திருந்தால் போதுமே என்று இன்றும் நினைக்கிறேன்.

வீடு திரும்பும்போது எதிரே வந்தவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, அம்மா விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள்.