படத்தைக் கலைக்கும் பெட்டி

சிவகாசியில் ஆஃப்செட் அச்சு மிஷின் ஓட்டுகிறவன் நான். லேபிளில் சிவப்பு ஒரு மயிரிழை விலகி விழுந்தாலும் எனக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவன் வீட்டில், படத்தைக் கெடுப்பதற்கென்றே ஒரு பெட்டி செய்தாள் என் மனைவி.

அவளுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் போனில் வீடியோ பார்த்தே சால்டரிங் பழகிக்கொண்டாள். காயலான் கடையிலிருந்து கல்யாண வீடியோக்காரர்கள் படங்களைக் கலக்க வைத்திருந்த ஒரு பழைய வீடியோ மிக்ஸரும், டப்பா டிவியும், கடைகளில் மாட்டுகிற கண்காணிப்புக் கேமராவும் வந்து சேர்ந்தன. மிக்ஸரைப் பிரித்துக் கட்டிய பெட்டி கேமராவுக்கும் டிவிக்கும் நடுவில். அதிலிருந்து நீட்டியிருக்கும் கம்பியைத் தொட்டால் டிவியில் தெரிகிற முகம் கோடு கோடாகக் கிழியும். பச்சையும் ஊதாவும் ஆளை விட்டு விலகி ஓடும். கிறுக்குத்தான். ஆனால், படம் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று குமிழைத் திருப்பி அவள் நிறுத்துகிற அழகை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

தெருக் கோயில் பொங்கலன்று சமுதாயக்கூடத்தில் அதை வைத்தாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் வந்தார்கள், டிவியில் தங்களைப் பார்த்துப் பூவைச் சரி செய்தார்கள், சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். சின்ன அடாப்டர்தான், ஷாக் அடிக்காது என்று நான் தொட்டுக் காட்டியும் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பட்டாசு வேலை பார்க்கிறவர்களிடம் கரண்டுக் கம்பியைத் தொடு என்றால் எப்படித் தொடுவார்கள்?

"அவுக தொடலைன்னா இது வெறும் கெட்டுப்போன டிவிதாங்க. பிரிச்சு எடைக்குப் போட்டுருவேன்" என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் சாப்பிட வெளியே போனார்கள். அவள் வீட்டுக்கு ஓடி ஒரு செம்புத் தட்டை எடுத்து வந்தாள். அதை வாசல் நிலையில் தொங்கவிட்டு, கம்பியை அதோடு கட்டி, கேமராவையும் டிவியையும் வாசல் பக்கம் திருப்பினாள்.

பட்டாசு அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போவார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும்; வெடிமருந்து பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். யோசிக்காமலே கை அதன் மேல் போய்விடும்.

சாப்பிட்டு வந்த முதல் பெண், பேச்சு மும்முரத்தில் தட்டில் கையை வைத்தாள். டிவியில் அவள் உருவம் சிதறி, சேலையின் நிறம் திரை முழுக்க வழிந்தது. பதறிக் கையை எடுத்தாள், முகம் திரும்ப வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தாள். அதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஈரக் கைக்குப் படம் ஒரு விதமாக உடைந்தது, காய்ந்த கைக்கு வேறு விதமாக. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்களில் மூத்தவர் ஒருவர் கையை எடுக்கவே இல்லை. கம்பெனியில் தொட்ட உடனே உள்ளே ஓடியாக வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டிய லோடு காத்திருக்கும். இங்கே தன் உருவம் நிறம் நிறமாகப் பிரிவதைப் பார்த்தபடியே நின்றார். எங்களுக்கும் விடுங்கள் என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

"இருக்கட்டும் மதினி" என்றாள் என் மனைவி. "வேணுங்கிற மட்டும் வச்சிருங்க."