வெட்டுக்குறி போட்ட விலா எலும்பு

வெர்னீஸ் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தாள். ஓடெல் பிக்கட்டுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் எதையும் அப்படி விட்டுக்கொடுத்தவள் இல்லை. திரைச்சீலையின் நிறத்துக்காக ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள். ஓடெலின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, டாக்டர் சொன்னதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தாள். பன்றி கூடாது, மாடு கூடாது, புகைக்குப் பக்கத்தில் கோடை வரைக்கும் போகவே கூடாது, இனிமேல் காய், பயறு, தானியம். ஓடெல் உள்ளங்கையால் மேசையில் ஓர் அடி அடித்தார்.

"புல்லு திங்க நான் என்ன மாடா? சனிக்கிழமையானா எனக்கு விலாக்கறி வேணும் வெர்னீஸ். அதுவும் இல்லாம உயிரோட இருந்து என்ன கிழிக்கப் போறேன்?"

"சரி, சனிக்கிழமை மட்டும்" என்றாள் வெர்னீஸ்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, போதகரைக் கூப்பிட்டு உபதேசம் இல்லை. சனிக்கிழமை தட்டில் விலாக்கறி வந்தது. மிளகாய்ப்பொடி அப்பி, புகை ஏறிக் கறுத்த மேல்தோல், நடுவில் எலும்பு. ஓடெல் கடித்தார், மென்றார், "நல்லா இருக்கு" என்றார். வெர்னீஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதையும் ஓடெல் மனதில் குறித்துக்கொண்டார்.

கறியா இது என்று நேரடியாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஓடெலால் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அவர் யார் என்று தெரிய வேண்டும்.

மெம்ஃபிஸுக்கு வடக்கே, பருத்திக்காட்டையும் ரயில் பாதையையும் விட்டால் வேறு பெருமை இல்லாத ஊர் அது. ஓடெல் டயர் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. அவர் சபையின் அடுப்புக்காரர், அது போதும். பாப்டிஸ்ட் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் சிமெண்ட் கல் அடுக்கி, கம்பி வலை போட்டு, ஹிக்கரி விறகுக்கென்று ஒரு வாய் வைத்து அந்தப் புகையடுப்பைக் கட்டியவரே அவர்தான். ஆகஸ்டில் ஊர்கூடும் ஞாயிறு வரும். சிகாகோ, டெட்ராய்ட் என்று பிழைக்கப் போனவர்கள் பேரன் பேத்திகளோடு திரும்பி வரும் நாள். அன்று சபை ஊழியரான டீக்கன் ஹோலிஸ் ஜெபம் சொல்வதற்கு முன்னால், அடுப்புக்காரர் முதல் விலாவைப் பிய்த்து எல்லார் கண்முன்னும் கடித்து, "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் ஜெபம் கிடையாது, சோறும் கிடையாது. ஒரு வருடம் ஓடெல் "ஆகல" என்று கையை விரித்துவிட்டார். மேயர் முதல் கைக்குழந்தை வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முணுமுணுக்கவில்லை. அதுதான் அவர் நாக்குக்கு இருந்த மரியாதை.

அந்த நாக்குதான் செத்துப்போயிருந்தது. குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகிறபோது ருசியையும் வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெறும் சுடுதண்ணீர். சாஸ் வெறும் ஈரம். நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று பார்த்தார். நெஞ்சுவலி வந்தது, ருசி வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை, வெர்னீஸிடம்கூட. நாக்கு செத்த அடுப்புக்காரன் என்று தெரிந்தால் சபை முதலில் பரிதாபப்படும், அப்புறம் லாமாரைக் கூப்பிடும். லாமார் வெர்னீஸின் தம்பி. கடையில் வாங்கிய இரும்புப் பெட்டியின் பிளக்கைச் சுவரில் சொருகி, பொத்தானை அமுக்கிவிட்டு, அதற்குப் பெயர் பார்பிக்யூ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். கரண்டில் சமைக்கிறவனிடம் தன் அடுப்பு போவதை நினைத்தாலே ஓடெலுக்கு ஸ்டென்ட் வைத்த இடம் அடைத்தது.

எனவே, கேட்க முடியாது. "இது கறிதானா?" என்று கேட்டால், "ஏன், தின்னவனுக்குத் தெரியலையா?" என்பாள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்தார். முதலில் தட்டைப் பார்த்தார். பன்றிக்கறி தின்ற தட்டு ஆறினால் கொழுப்பு வெள்ளையாய் உறையும். இது துடைத்த மாதிரி இருந்தது. அடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் கதவு சாத்திய சமையலறையின் குழாயிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் பால் போல் வெள்ளையாய்த் தண்ணீர் ஓடியது. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி, எஞ்சும் சவ்வை எடுத்துக் கறி போலச் செய்கிறார்கள் என்று டிவியில் ஒருத்தி காட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. புதன்கிழமைகளில் பன்னுக்குள் பிய்த்த பன்றிக்கறி வேறு வர ஆரம்பித்தது. சனிக்கிழமை மட்டும் என்றவளுக்கு என்ன திடீர்க் கருணை? பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்தார். பிஞ்சுப் பலாக்காய் டின்கள். பக்கத்து வீட்டில் பலாக்காயைக் கண்ணால் பார்த்தவர்கூடக் கிடையாது; பிய்த்தால் கறி நார் போலவே இருக்கும் அதை வாங்கி, டின்னை அங்கே ஒளித்துப் போட்டவள் வெர்னீஸ்தான்.

கடைசிச் சாட்சி டியூக். வீட்டு நாய். ஓடெல் போடும் எலும்புக்காகச் சனிக்கிழமை முழுக்க நாற்காலிக்கடியில் கிடக்கும். இப்போது எலும்பைப் போட்டால் முகர்ந்து பார்த்து, ஓடெலை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்து, போய்ப் படுத்துக்கொண்டது. நாய்க்கே தெரிந்துவிட்டது, தனக்குத் தெரியவில்லையே என்று ஓடெலுக்கு நாயின் மேல் கோபம் வந்தது.

எலும்பு மட்டும் குழப்பியது. அது நிஜ எலும்பு. மாவில் எலும்பு முளைக்காதே? ஒரு சனிக்கிழமை, வெர்னீஸ் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில், பேனாக்கத்தியால் ஓர் எலும்பின் நுனியில் சிறிய வெட்டு ஒன்று போட்டார். மறு சனிக்கிழமை தட்டில் வந்த மூன்றாவது விலாவில் அதே வெட்டு இருந்தது.

எப்போதோ தின்ற எலும்புகளைக் கழுவி, வேகவைத்து, வாராவாரம் மாவைச் சுற்றிச் சுற்றி அவருக்குப் போட்டிருக்கிறாள்! கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பிடித்து என்ன செய்ய? "ஓடெல், முதல் வாய்லயே கண்டுபிடிச்சிருக்கணுமே நீ?" என்று திருப்பிக் கேட்டால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? மென்றார். விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றாள் வெர்னீஸ்.

"நல்லா இருக்கு" என்றார்.

மாவுக்கறியைக்கூட மன்னித்துவிடலாம். நெஞ்சுக்கு நல்லது என்று செய்கிறாள், சரி. ஆனால் ஜூலை கடைசியில், ஹாலில் சாய்ந்து படுத்திருந்தபோது அவள் போனில் குசுகுசுப்பது காதில் விழுந்தது. "ஓடெலுக்குத் தெரியவே கூடாது லாமார். ஊர்கூடும் ஞாயிறு அன்னைக்கு நீ அடுப்புக்குப் பக்கத்துலயே நில்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஓடெலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து அடுப்பைப் பறிக்கத் திட்டம் போடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் மூடிய தட்டோடு பெண்கள் ஜெபக்கூட்டம் என்று அவள் காரில் கிளம்புவதற்கும் இப்போது அர்த்தம் புரிவது போலிருந்தது.

"போன்ல யாரு?" என்றார்.

"லாமார். கார் பேட்டரி போயிடுச்சாம்."

"கார் பேட்டரிக்கு எதுக்குக் குசுகுசுன்னு பேசணும்?"

"நீ தூங்கறன்னு நெனச்சேன்."

"கண்ணைத் தெறந்துக்கிட்டா தூங்குவேன்?"

"பிரசங்கத்துல தூங்கறியே, அதே மாதிரி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஊர்கூடும் ஞாயிறு வந்தது. புகைப் பக்கம் போக டாக்டர் அனுமதித்துவிட்டார், தின்னத்தான் அனுமதி இல்லை. ஓடெல் விடியும்போதே விறகு அடுக்கினார். அடுப்பு வாயருகே கையை நீட்டிச் சூடு பார்த்தார். விலா எலும்புகள் சேர்ந்த கறிப் பலகையை இடுக்கியால் நடுவில் தூக்கி, வெந்ததற்கு அடையாளமாக வளைந்து மேல்தோல் விரிசல் விடுகிறதா என்று பார்த்தார். கண்ணும் கையும் துரோகம் செய்யவில்லை. சாஸ் பானைக்கு முன்னால் நின்றபோதுதான் கண் உதவவில்லை. இவ்வளவு உப்பு, இவ்வளவு வினிகர் என்று கை போட்ட பழக்கத்தில் போட்டுவிட்டு, ருசி பார்ப்பது போல உதட்டைச் சப்புக்கொட்டினார்.

லாமார் எங்கிருந்தோ வந்து பானைக்குள் விரலை விட்டு நக்கினான். "மச்சான், வினிகர் இன்னும் ஒரு கை விழணும்."

"உன்னை யாருடா கேட்டா? போய் உன் பொட்டிய சுவத்துல சொருகு."

"நீ சொன்னா சரி" என்று அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவன். அவன் முதுகைத் திருப்பியதும் ஓடெல் ஒரு கை வினிகரை ஊற்றினார். ஊற்றிவிட்டு, அதற்காகவும் அவனையே திட்டினார்.

மதியம். பெக்கான் மரத்தடியில் மேசைகள் நிறைந்துவிட்டன. டீக்கன் ஹோலிஸ் தொண்டையைக் கனைத்தார். "பிரதர் பிக்கட், நாங்க காத்திருக்கோம். ஆச்சான்னு நீங்கதான் சொல்லணும்."

ஓடெல் பலகையிலிருந்து முதல் விலாவைப் பிய்க்கப் போனார். வெர்னீஸ் குறுக்கே வந்து ஒரு தட்டை நீட்டினாள். அதில் ஒரே ஒரு விலா. "இதை எடு. பிய்ச்சு ஆறவெச்சுட்டேன்."

எடுத்தார். விரலுக்கு எலும்பின் நுனி தட்டுப்பட்டது. அதில் ஒரு வெட்டு.

மொத்தச் சபையும் பார்த்துக்கொண்டிருந்தது. இதுதான் அவர்கள் திட்டம் என்று ஓடெல் நினைத்தார். மாவைக் கடித்துவிட்டு ஆச்சு என்று சொல்ல வேண்டும், லாமார் கைகொட்டிச் சிரிக்க வேண்டும், அடுப்பு கைமாற வேண்டும். மாவு என்று கண்டுபிடித்துச் சொன்னாலோ, பன்றி எப்படி என்று அடுத்த விலாவைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு எதைச் சொல்வது? தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். இப்படியுமா பண்ணுவ என்று கண்ணாலேயே கேட்டார்.

வெர்னீஸ் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வது போல நெருங்கி வந்தாள்.

"அந்த வெட்டு நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும். கழுவுறவ நான்தானே. அதைப் பாத்தாத்தான் இது உனக்குச் செஞ்சதுன்னு உனக்குத் தெரியும், அதான் இந்த எலும்பா பாத்து வெச்சேன். பயப்படாம கடி. பன்றி சரியா இருக்கு. லாமார் எல்லாப் பலகையிலயும் கிள்ளித் தின்னு பாத்துட்டான். உப்பு போதும். வினிகரும் இப்போ சரி."

ஓடெல் விலாவைத் தாழ்த்தினார். "என் நாக்கு செத்தது எப்போலேருந்து தெரியும்?"

"மொத சனிக்கிழமையிலேருந்து. தட்டை என் தலைல நீ கவுப்பன்னு நெனச்சுத்தான் வெச்சேன். நீ நல்லா இருக்குன்ன." அவள் காலரை விடவில்லை. "நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஓடெல். இத்தனை மாசம்."

"பிரதர் பிக்கட்?" என்றார் டீக்கன்.

ஓடெல் கடித்தார், மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. பலகைகளின் விரிசலை இன்னொரு தடவை கண்ணால் பார்த்துக்கொண்டு, லாமார் பக்கம் திரும்பினார். லாமார் யாருக்கும் தெரியாமல் தலையை ஒரு தடவை அசைத்தான்.

"ஆச்சு" என்றார் ஓடெல்.

டீக்கன் ஜெபத்தை முடித்ததும் கூட்டம் ஆமென் சொல்லிக்கொண்டு தட்டுகளோடு எழுந்தது. கூட்டம் கரைந்த பிறகு இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வெர்னீஸ் மூடிய தட்டிலிருந்து இன்னும் ரெண்டு மாவு விலாவை எடுத்து வைத்தாள்.

"இதுக்குப் புகை எங்க போட்ட?"

"லாமார் பொட்டில."

"கரண்டுலயா?" ஓடெல் கண்ணை மூடிக்கொண்டார். "சாமி! வாராவாரம் நல்லா இருக்குன்னு சொன்னேனே."

"ஆமா. அவன் அதைக் கேட்டுக் கேட்டு இளிச்சான். எனக்குத்தான் தாங்கல."

ஓடெல் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு விலாவை அவள் பக்கம் தள்ளினார். "தின்னு பாத்துச் சொல்லு. நிஜமா எப்படி இருக்கு?"

வெர்னீஸ் கடித்தாள். அவசரப்படாமல் மென்றாள். அவரும் அவளோடு சேர்ந்து மென்றார், அவள் முகத்தைப் பார்த்தபடி.

"மொதல்ல புகை வருது" என்றாள். "அப்புறம் மிளகு. கொஞ்சம் இனிப்பு. கடைசில நாக்குல மாவு வாடை நிக்குது. மொத மாசம் செருப்பு மாதிரி இருந்துச்சு, இப்போ தேவலை."

ஓடெல் அந்த வெட்டுப் போட்ட எலும்பைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தாத" என்றார். "நானும் வரேன். அந்த மாவை இன்னும் ரெண்டு தண்ணி கழுவணும்."