கடைசிப் பக்கத்து ராஜா

பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் அந்த வேலையை ஒரே ஒரு முறைதான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். அதுவும் பிள்ளைகளுக்காக இல்லை, என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள. ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. தம்பின் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். மணியடிப்பதும் நான்தான், கொட்டகையைக் கூட்டுவதும் நான்தான்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பெரிய கிராணிதான் தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஆபீசில் பேரேடு எழுதிக்கொண்டிருந்தவர் கையில் இப்போது ஆட்களின் உயிர். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும், கிராணி பெயர் எழுதிக் கொடுப்பார், லாரி வரும். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் நடத்துகிற வாத்தியாரை மட்டும் பிடிப்பதில்லை என்று ஒரு சலுகை இருந்தது. அந்தச் சலுகையில்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதாவது தப்பு அகப்பட்டால் அது போய்விடும், அடுத்த லாரியில் நான் ஏற வேண்டியதுதான். சாப்பிடும்போதும் பாடம் நடத்தும்போதும் இந்த நினைப்பு என்னை விட்டதில்லை. பயப்படுவதும் ஒரு வேலைதான். நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தவனைப்போல அலுத்துப்போவேன்.

ஒரு நாள் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"ஓய் வாத்தியார், அலமாரியில இருக்கிற புக்கெல்லாம் பார்த்து, வச்சுக்கலாம்கிறதுக்கு ஒரு லிஸ்ட் போட்டுக் குடும். வெள்ளைக்காரன் படம், அவன் கொடி, அவன் ராஜா, அவன் பெருமை, ஒண்ணும் இருக்கக் கூடாது. மத்தத எரிச்சுடும். லிஸ்ட்ல இல்லாத புக்கு ஒண்ணே ஒண்ணு அகப்பட்டாலும் நான் உமக்காகப் பேச மாட்டேன். விளங்குதா?"

"விளங்குதுங்க" என்றேன். விளங்காமல் என்ன?

அலமாரியில் அறுபது எழுபது புத்தகங்கள் இருந்தன. பிள்ளைகள் போன பிறகு இரண்டு நாள் மத்தியானம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ராஜா படங்களைத் தேடினேன். வெள்ளைக்காரன் ஒரு இடத்தையும் சும்மா விட்டிருக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில்கூட நாணயத்துப் படத்தில் ராஜா தலை. பூகோளத்தில் கொடி. சுகாதாரப் பாடத்தில் பெரிய தாடி வைத்த ஒரு டாக்டர் துரை. அந்த டாக்டரைப் பார்த்து, இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கால் மணி நேரம் யோசித்தேன். சிரிக்காதீர்கள். தலைக்கு மேல் கத்தி தொங்கினால் தாடிக்கும் அர்த்தம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் நானாகவே சில புத்தகங்களைக் கழித்தேன். அதை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தில் கல்யாண விருந்து என்று ஒரு பாடம். லட்டு, ஜிலேபி, பாயசம், வாழையிலையில் மலைபோலச் சோறு. போன மாதம் அதை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்த பிள்ளை பாயசத்துக்கு வந்ததும் எச்சில் விழுங்குவதற்காக நிறுத்தியது. பின்னால் இருந்த சின்னது ஒன்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது. காலையில் அவித்த மரவள்ளி, சாயங்காலமும் அவித்த மரவள்ளி, உடம்பில் சாக்குத் துணி. அந்தப் பிள்ளைகள் முன்னால் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறேன், நான் எப்பேர்ப்பட்ட மடையன்! ஆகவே சோறு வருகிற பாடமெல்லாம் போயிற்று. கூவிக்கொண்டு வரும் புகைவண்டி என்று ஒரு பாட்டு. முப்பது பிள்ளைகளில் எட்டுப் பேருடைய அப்பாக்கள் அந்தப் புகைவண்டியில்தான் போயிருந்தார்கள். அதுவும் போயிற்று. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார் என்று ஒரு பாடம். அதைக் கழிக்கும்போது கொஞ்சம் தயங்கினேன், பிறகு கழித்துவிட்டேன்.

கடைசியில் மிஞ்சியது பதினோரு புத்தகம். நல்ல பழக்கங்கள், தோட்டத்தில் கீரை பயிரிடுதல், பல் துலக்கும் முறை. பல் துலக்கி என்ன செய்வது? கடிக்க என்ன இருந்தது?

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் இந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை, அந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை. வர்ணப் படம் போட்டு மதராசில் அச்சடித்தது. ஒரு எருமைக் கன்று மழையில் வழி தவறிப்போய், கொக்கிடமும் ஆமையிடமும் நரியிடமும் கேட்டுக் கேட்டுக் கடைசியில் தாயிடம் போய்ச் சேருகிற கதை. என் பள்ளியில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு படித்த புத்தகம் அது ஒன்றுதான். கன்று தாயிடம் சேருவது கடைசித் தாளின் முன்பக்கம். அதே தாளைத் திருப்பினால், கிரீடமும் மார்பு நிறையப் பதக்கமுமாக இங்கிலாந்து ராஜா. அச்சடித்தவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? ராஜாவைக் கிழித்தால் கன்று வீடு சேராது. கன்றை வைத்துக்கொண்டால் நான் வீட்டில் இருக்க முடியாது.

கிழித்துவிடுவது என்று தாளைப் பிடித்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மறந்துபோன சிலேட்டை எடுக்க உள்ளே வந்தாள். பத்து வயது இருக்கும். அவள் அப்பா முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், இப்போது மரவள்ளிக்கு மண் கொத்துகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளைப் படிக்கச் சொல்லி இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறார் என்று அவளே சொல்லியிருந்தாள்.

"ஐயோ சார், கிழிக்காதீங்க! கன்னுக்குட்டி வீட்டுக்குப் போவாதே!"

எனக்குக் கை வரவில்லை. புத்தகத்தை மூடி அவளிடமே கொடுத்தேன். "வீட்ல பத்திரமா வச்சுக்க. ஒருத்தர்கிட்டயும் காட்டக் கூடாது" என்றேன்.

"உங்க வீட்ல வைக்கலியா சார்?"

"எங்க வீட்ல கரையான்."

பச்சைப் பொய். என் வீட்டைத்தான் முதலில் சோதனை போடுவார்கள், அதுதான் காரணம். புத்தகத்தைக் காப்பாற்றினேன் என்று அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் என் பயத்தைக் கட்டிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் பின்னால் மற்றவற்றை எரித்தேன். தெரியாமல் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். வரிசையாக நின்று புகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லிஸ்ட்டைக் கிராணியிடம் கொடுத்தேன். அவர் பாராட்டினார்.

பிறகு நவராத்திரி வந்தது. எவ்வளவு இல்லாமை வந்தாலும் சரஸ்வதி பூசையை நாங்கள் விட்டதில்லை. கோயிலுக்கு முன்னால் பலகை போட்டு, புத்தகம், சிலேட்டு எல்லாவற்றையும் அடுக்கி, மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பது வழக்கம். பூசையில் வைக்காத புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது என்பது பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை. அதை வருஷா வருஷம் அவர்களுக்குச் சொல்லி வளர்த்தவனும் நான்தான். அந்த வருஷமும், முந்தின நாள் வகுப்பில், வாய்ப்பழக்கத்தில் சொன்னேன்: "வீட்ல இருக்கிற புக்கு, சிலேட்டு எல்லாம் கொண்டாந்து வைக்கணும். ஒண்ணையும் விட்டுடக் கூடாது."

சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை அவள்.

பூசையன்று கிராணி ஜப்பான் அதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். தோட்டம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டத்தான். அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் வந்தார். பிள்ளைகள் குனிந்து வணக்கம் சொன்னார்கள். அடுக்கில் வர்ண அட்டை போட்ட புத்தகம் ஒன்றுதானே இருந்தது? நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். முன்னாலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எருமைக் கன்றைப் பார்த்துச் சிரித்தார். கடைசித் தாளைத் திருப்பினார்.

அந்தப் பிள்ளை முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் முறையாக மஞ்சள் தடவியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு முகம் இருந்ததால், பொட்டை அதன் நெற்றியில் வைத்திருந்தாள். மஞ்சளும் குங்குமமுமாக, கோயில் வாசலில், இங்கிலாந்து ராஜா.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவர் என்னவோ சொன்னார். கிராணியின் முகம் வெளுத்துவிட்டது.

"எதிரி ராஜாவுக்குப் பூச பண்றீங்களான்னு கேக்கிறாரு. யாரோட புக்கு இது? வாத்தியார், சொல்லும்!"

அவள் என்னைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. சார் இருக்கிறார், சார் சொல்லிவிடுவார் என்று பார்த்தாள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"பள்ளிக்கூடத்துப் புக்கு இல்லீங்க. என் லிஸ்ட்ல கிடையாது" என்றேன்.

"அப்ப யாரோடது?"

"எனக்குத் தெரியாதுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து அவள் அப்பா முன்னே வந்தார். மண் கொத்திய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்னுதுங்கய்யா."

"உனக்குப் படிக்கத் தெரியுமாடா?"

"தெரியாதுங்க. படம் பாக்க வச்சிருந்தேன்."

அதிகாரி அவரை அறைந்தார். விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். பிறகு சாயங்காலம்வரை ஆபீஸ் முன்னால் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் கழித்து லாரி வந்தது. கிராணியின் தாளில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

லாரி பக்கம் நான் போயிருக்கக் கூடாது. ஆனாலும் கால் போயிற்று. மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"என்ன வாத்தியாரே, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? உங்கள ஏத்தியிருந்தா ரெண்டு நாள் தாங்குவீங்களா? கையப் பாருங்க, பொம்பளப்புள்ள கை மாதிரி."

நான் வாயைத் திறந்தேன். அண்ணே, மன்னிச்சுடுங்க என்று சொல்லத்தான் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. புள்ளைய மட்டும் படிக்க வச்சிருங்க. அது போதும்" என்றார். லாரி தம்பின் ஸ்டேஷனுக்குப் போயிற்று.

அவர் கேட்டது அந்த ஒன்றுதான். அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் பள்ளிக்கு வந்தாள், மூன்றாம் நாள் வரவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கொஞ்சநஞ்ச அரிசி என்று இருந்ததால், தாய் அவளை மரவள்ளிக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் போய், பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். ஐம்பது அடி தூரம். எந்த முகத்தோடு போவது? பதினோரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பல் துலக்கும் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தினேன். பிள்ளைகளுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. என் பெயர் எந்த லிஸ்ட்டிலும் வரவில்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. எந்த இடத்தில், எப்படி என்று சொல்லக்கூட ஆள் இல்லை. கொஞ்ச நாளில் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறையப் புதுப் புத்தகம் வந்தது. இந்தத் தடவை ராஜா முதல் பக்கத்திலேயே இருந்தார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எந்தெந்த வகுப்புக்கு எது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எனக்குப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மேலாக இருந்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஐம்பது அடியை நடந்தேன்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. லயத்து வாசலில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் காய்த்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வா, தாயி. மறுபடி மூணாம் வகுப்புலேர்ந்து ஆரம்பிக்கலாம். இது உனக்குத்தான்" என்று புத்தகத்தை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாராச்சும் வந்து கேட்டா, இது யாருதுன்னு சொல்றது சார்?"

"என்னுதுன்னு சொல்லு."

"நீங்க சொல்லுவீங்களா?"