எதிரில் இருப்பவரின் வலது

"கைய எடு மாப்ள, நிழல் விழுது."

எடுத்தேன். அத்தான் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்து நட்டு ஒன்றைப் போட்டோ எடுத்தார். திருப்தியில்லை. கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் நட்டை ஒற்றிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி யாராவது பதில் போட வேண்டும். அதுவரை நட்டைத் தொடமாட்டார். "போட்டோ போடாம எதையும் கழட்டக் கூடாது மாப்ள. குரூப்ல மொத ரூலே அதான்."

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்பவர்களின் குழு அது. கைபேசிக்குள் நானூறு பேர். ஒரு நட்டைப் பற்றி நானூறு பேருக்கும் கருத்து உண்டு. ஒருவர் கருத்து இன்னொருவருக்கு ஆகாது.

அத்தான் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது என்பதால், கையை எடு, கையை வை என்று என் உயிரை வாங்குவது அவருக்குச் சுலபமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கு வயது ஐம்பது, அத்தானைவிட நாலு குறைவு. நாலு வருஷத்துக்கு முன் பழைய இரும்புக் கடைக்குப் போனவர், "சும்மா பாக்கத்தான் போனேன்" என்று சொல்லிக்கொண்டே அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறு இடம் இல்லாததால் கடையின் உள்ளறையில், கண் பரிசோதனை செய்கிற அறையில், நிறுத்தினார். ஒரு வாரத்துக்குத்தான் என்றார்.

அன்று முதல் அவருடைய வாடிக்கையாளர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மேலாகத்தான் எழுத்துகளைப் படிக்கிறார்கள். கடைசி வரி தெரியவில்லை என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். பவரைக் கூட்டிக்கொண்டே போனார் அத்தான். கடைசியில் வாத்தியாரே, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், ஹேண்டில்பார்தான் மறைக்குது" என்றார். "கொஞ்சம் சாஞ்சு பாருங்களேன்" என்று அத்தான் கூசாமல் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

கழற்றிய சாமான்களை எல்லாம் மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளில் போட்டுவைத்தார். டப் என்று மூடுகிற அந்தக் கறுப்புப் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுத்து: முன் வ, முன் இ, பின் வ, பின் இ. வலது, இடது. கண் பரிசோதனைச் சீட்டில் பவர் எழுதுவது போலவே, கீழே ஒரு கோடு இழுத்து. புதுக் கண்ணாடி வாங்கிப் போன ஒரு அம்மாள் வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு ஸ்பிரிங். அக்கா போய் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். அத்தானுக்கு அந்த ஸ்பிரிங் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

குழுவில் அத்தானுக்கு இரண்டு தெய்வங்கள். ஒருவரை எல்லாரும் சித்தப்பா என்பார்கள். எழுதவே மாட்டார், ஆறு நிமிஷத்துக்குப் பேசி அனுப்புவார். அதில் முதல் நான்கு நிமிஷம் அவர் வண்டியைப் பற்றி. இன்னொருவர் 'ஒரிஜினல்' என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதுவார், சிலசமயம் கேள்விக்குறியோடு. அந்தக் கேள்விக்குறி வந்துவிட்டால் அத்தானுக்கு அன்று சோறு இறங்காது. புதிதாக வாங்கி மாட்டிய கைப்பிடி ரப்பரை அதற்காகவே கழற்றி எறிந்தவர் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த மனிதரைத் தேடிப் போய் நீ ஒரிஜினலா என்று கேட்டிருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடைக்கு ஒருவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு போய்விடுவார். கடைக்காரரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. குழுவில் தினமும் காலையில் யாராவது, "கண்ணாடி அண்ணே, வண்டி எப்படி இருக்கு" என்று கேட்கிறார்கள். நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. அந்த நானூறு பேரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடுவதாக ஏற்பாடு. வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும், வேனில் ஏற்றிவந்தால் உள்ளே விடமாட்டார்கள். அத்தான் இதுவரை அவர்களில் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அக்காவும் அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அது தானா வெளிய போகணும். போகலன்னா, திங்கக்கெழம காலைல பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரர் வருவாரு. சொல்லி வச்சாச்சு." அக்கா சொன்னால் சொன்னதுதான். இரும்புக்காரர் வியாழனன்றே வந்து வாசற்படியின் அகலத்தை அளந்துவிட்டுப் போனார்.

வண்டி கிளம்பாமல் இல்லை, நன்றாகவே கிளம்பியது. பத்தடி ஓடும், செயின் கழன்று விழும். மாட்டினால் மறுபடி பத்தடி. பின்சக்கரம் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. இது ஏன் என்று குழுவில் மூன்று வாரம் விவாதம். வண்டி எப்போதோ விழுந்து எலும்பே கோணிவிட்டது என்றார்கள். பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றார்கள். சித்தப்பா இரண்டு தவணையாகப் பேசினார். அந்த ஆண்டு வந்த வண்டிகளுக்கே இப்படி ஒரு தோஷம் என்று ஒருவர் ஜாதகம் பார்க்காத குறையாகச் சொன்னார். நாங்கள் அந்தச் சக்கரத்தை நாலு தடவை கழற்றி மாட்டினோம். சனிக்கிழமை காலை ஐந்தாவது தடவை. நிழல் விழுகிறது என்று கையை எடுக்கச் சொன்னது அப்போதுதான்.

ஒருவழியாகக் குழு அனுமதி கொடுத்தது. கழற்றினோம், துடைத்தோம், திரும்ப மாட்டப் போனோம். வழக்கம்போல அத்தான் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அச்சின் இரண்டு பக்கமும் செருகுகிற இரும்பு வளையங்கள் இரண்டு, ஒன்று தடி, ஒன்று ஒல்லி. "வ பெட்டில இருக்கறத வலது பக்கம் போடு மாப்ள" என்றார். நாலு தடவையும் போட்டது போல வலது பக்கம் போட்டேன்; கழற்றும்போது அங்கிருந்து எடுத்து வ பெட்டியில் வைத்ததும் நான்தான்.

யாருடைய பவர் சீட்டையோ தேடிக்கொண்டு உள்ளே வந்த அக்கா அப்படியே நின்றாள். கீழே கிடந்த கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தாள்.

"இத எழுதும்போது எங்க நின்னீங்க?"

"சக்கரம் பின்னாடிதானே இருக்கு. பின்னாடிதான் நின்னேன்."

"எதை வலதுன்னு எழுதுனீங்க?"

அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல் இடது கையைத் தூக்கினார். "இந்தப் பக்கம்தான்."

"இது யாருக்கு வலது?"

"வண்டிக்கு."

"வண்டி உங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதுங்க."

 முப்பது வருஷமாக எதிரில் உட்காருகிறவரின் வலது கண்தான் அத்தானுக்கு வலது. அது அவருடைய இடது கைப் பக்கம் இருக்கும். வீட்டில் வலது அலமாரியைத் திறங்கள் என்றால் இடதைத் திறப்பார். வழி கேட்டவர்களில் எத்தனை பேரை எந்தெந்தச் சந்துக்கு அனுப்பினாரோ. வண்டியின் முன்னால் நின்று எழுதிய பெட்டிகள் எல்லாம் சரி. பின்னால் போய் நின்றபோதும், எதிரில் இருப்பது தன்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகவே அவருக்கு நினைப்பு. போட்டோவா? பதினோராயிரம் இருக்கிறது. எல்லாம் அவ்வளவு கிட்டத்தில் எடுத்தவை, எந்த வளையம் எந்தப் பக்கத்தது என்று அவற்றை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

வளையங்களை மாற்றிப் போட்டேன். மாட்டியபின் நான் ஓட்ட, வண்டி தெருவை மூன்று சுற்றுச் சுற்றியது. செயின் விழவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், வயிறுதான் எரிந்தது. நாலு தடவை. என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். எப்படிச் சரியானது என்று குழு கேட்டதற்கு, அத்தான் ஒளிக்காமல், "வீட்ல சொன்னாங்க" என்று எழுதினார். தானும் அதையேதான் சந்தேகப்பட்டதாகச் சித்தப்பா ஆறு நிமிஷம் பேசி அனுப்பினார்.

ஞாயிறு காலை வண்டி கடை வாசலில் நின்றது. அதில் இன்னொரு வம்பு உண்டு: இந்தக் காலத்து வண்டிகளுக்கு நேர்மாறாக, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அத்தான் வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. 

அக்கா வெளியே வந்தாள். தலையில் ஹெல்மெட். அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று நாலு வருஷமாகச் சொன்னவள். கையில் மார்க்கர் பேனா.

"காலை ஆட்டாதீங்க."

"இரு, ஒரு போட்டோ" என்று அத்தான் சட்டைப்பையில் கைவிட்டார்.

"ஆட்டாதீங்கன்னு சொன்னேன்."

அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, புதுக் காலணியின் வெள்ளை முனையில் எழுதினாள். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இரண்டு சொற்களையும் தனக்குத் தலைகீழாக எழுதினாள், உட்கார்ந்திருப்பவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி.